பஸ்ஸை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆத்தைப் பாருங்க

மக்களே, ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம், காரமும் கொஞ்சம் தூக்கல். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

குளிர் விட்டு பிப்ரவரி பொறந்தாப் போதும். தில்லி, நொய்டா, குர்காவ் பக்கம் பொட்டி தட்டுற எல்லாருக்கும் ஒரு மெயில் வரும். "டீம் அவுட்டிங்: ரிஷிகேஷ் ராஃப்டிங்!!!" ஆச்சரியக்குறி மூணுக்குக் குறையாது. கூடவே ஒரு எக்ஸெல் ஷீட். அதுல என்ன இருக்கும்னு நான் சொல்லணுமா என்ன? பேரு, போன் நம்பர், எங்க ஏறுவீங்க, சைவமா அசைவமா, டீஷர்ட் சைஸ், ரூம்ல யாரோட யாரு, அட்வான்ஸ் கட்டியாச்சா. டெம்போ டிராவலர் எத்தனை மணிக்குக் கிளம்புது, கதௌலியில டீ குடிக்க எத்தனை நிமிஷம், ராத்திரி போன்ஃபயருக்கு ஸ்பீக்கர் கொண்டு வர்றது யாரு. எல்லாத்துக்கும் ஒரு வரி இருக்கும்.

ஆறு? அதுக்கும் ஒரு வரி உண்டு. "சனிக்கிழமை 10 - 1: ராஃப்டிங்." அவ்ளோதான்.

எங்க இருந்து எங்க வரைக்கும் போறோம், வழியில என்னென்ன ராப்பிட் வருது, இந்த மாசம் தண்ணி எப்படி இருக்கும், ஒரு ராஃப்டுக்கு எத்தனை பேர், உள்ள விழுந்தா என்ன பண்ணணும், யாருக்கு ஆஸ்துமா, யாருக்குத் தண்ணின்னாலே பயம். ஒண்ணும் கிடையாது. இருபது முப்பது பேரை மூணு மணி நேரம் ஒரு மலை ஆத்துல இறக்கப் போறோம். அதைப் பத்திப் பேசினதை விட டீஷர்ட் கலரைப் பத்திப் பேசினதுதான் அதிகம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஆத்துல துடுப்பு போடத் திட்டம் போடுறோம்னா முதல்ல ஆத்துக்குத்தான் திட்டம் போடணும். பஸ், ரூம், சிக்கன் எல்லாம் அதுக்கு அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாப் பண்ணிட்டு அதுக்கு 'அட்வெஞ்சர்'னு பேர் வைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். அதுக்குத் தமிழ்ல அலட்சியம்னு ஒரு நல்ல வார்த்தை ஏற்கெனவே இருக்கு.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதின்னு பின்னூட்டத்துல ஒரு அனானி வருவாரு, அதனால இப்பவே சொல்லிடறேன். நாலஞ்சு சீசனா கங்கையில துடுப்பு போட்டுக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நாள் கயாக் பழகினேன், அதுல பாதி நேரம் தலைகீழாத் தண்ணிக்குள்ளதான் இருந்தேன் :-) அவ்ளோதான். எக்ஸ்பர்ட் எல்லாம் இல்ல. ஆனா கீழ சொல்றது எதுக்கும் எக்ஸ்பர்ட் ஆகணும்னு அவசியமும் இல்ல.

"நீச்சல் தெரியத் தேவையில்லை சார்"

ரிஷிகேஷ்ல எந்தக் கடையில போய்க் கேட்டாலும் முதல்ல வர்ற டயலாக் இது. இது பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யை விட ஆபத்து.

உண்மையான பாதி: லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தா மிதப்பீங்க. ராப்பிட்ல நீச்சல் குளத்துல அடிக்கிற நீச்சலுக்குப் பெருசா வேலையும் இல்ல. சரி.

சொல்லாத பாதி: அந்த ஜாக்கெட் உங்க உடம்புக்கு இறுக்கமா இருந்தாத்தான் மிதப்பீங்க. ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு இன்னொருத்தர் மேல தூக்கணும். ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா, தண்ணிக்குள்ள ஜாக்கெட் மேல நிக்கும், நீங்க கீழ போவீங்க. இந்தச் சோதனைக்கு அஞ்சு செகண்ட் ஆகும். டீஷர்ட் சைஸுக்கு எக்ஸெல்ல தனி காலம் போட்ட நாம, ஜாக்கெட் சைஸை 'எல்லாம் ஃப்ரீ சைஸ்தான் பய்யா'ன்னு குவியல்ல இருந்து எடுத்து மாட்டிக்கிறோம்.

இன்னொண்ணு. ராப்பிட்ல தண்ணி ஏன் வெள்ளையா இருக்கு? அதுல காத்து கலந்திருக்கு. காத்து கலந்த தண்ணிக்கு அடர்த்தி கம்மி. அடர்த்தி கம்மின்னா மிதக்க வைக்கிற சக்தியும் கம்மி. ஒன்பதாம் கிளாஸ் ஆர்க்கிமிடிஸ்தான், புதுசா ஒண்ணும் இல்ல. குளத்துல உங்களைத் தலைக்கு மேல தூக்கி நிறுத்துற அதே ஜாக்கெட், நுரைக்குள்ள மூக்கு வரைக்கும்தான் தூக்கும். அலை வந்து மூஞ்சியில அடிக்கும்போது வாயைத் திறந்து கத்தினா தண்ணி உள்ள போகும். அலையோட பள்ளத்துல மூச்சை இழுக்கணும், உச்சியில அடக்கணும். இதைக் கரையிலேயே சொல்லிக் குடுத்தாத்தான் ஆச்சு. விழுந்தப்புறம் யார் வந்து சொல்றது?

அதை விட முக்கியமானது, எழுந்து நிக்காதீங்க. நம்ம ஊர் ஆள் எவனா இருந்தாலும் ஓடுற தண்ணியில விழுந்தா முதல்ல பண்றது கால் ஊன்றதுதான். வாய்க்கால்லயும் கம்மாயிலயும் விளையாடின பழக்கம். மலை ஆத்துல அடியில பாறை பாறையா இடுக்கு இருக்கும். அதுல பாதம் மாட்டிக்கிச்சுன்னா மேல வர்ற தண்ணி உங்களை முன்னாடி மடக்கித் தள்ளிடும். அதுக்கப்புறம் ஆழம் இடுப்பளவுதாங்கிறதால ஒரு பிரயோஜனமும் இல்ல. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு. அதனால மல்லாக்கப் படுத்து, காலை ஆறு போற பக்கம் நீட்டி, கட்டைவிரல் தண்ணிக்கு மேல தெரியற மாதிரி மிதக்கணும். ஓட்டம் நின்னு தண்ணி முழங்காலுக்குக் கீழ வந்தப்புறம் எந்திரிச்சாப் போதும்.

மொத்தமே பத்து நிமிஷப் பாடம். ஆனா பல ராஃப்டுகள்ல நடக்கிறது என்ன? "ஃபார்வர்ட்னா ஃபார்வர்ட், ஸ்டாப்னா ஸ்டாப், ஓகே? ஜெய் கங்கா மையா!" முடிஞ்சது டிரெயினிங்.

கிலோமீட்டர் கணக்கு

ரிஷிகேஷ்ல விலைப்பட்டியலே கிலோமீட்டர்லதான் இருக்கும். பிரம்மபுரியில இருந்து சுமார் 9, சிவ்புரியில இருந்து 16, மரீன் டிரைவ்ல இருந்து 26 வாக்குல, கௌடியாலாவுல இருந்து 36. நம்ம ஆளுங்க இதை எப்படி முடிவு பண்றாங்க தெரியுமா? "இவ்ளோ தூரம் வந்துட்டு 16 போறதா? 26 அடிச்சிடலாம் மச்சி." அளவு சாப்பாட்டுக்கும் ஃபுல் மீல்ஸுக்கும் ஆர்டர் குடுக்கிற அதே லாஜிக்.

சாமிகளா, அது தூரம் இல்ல. ஒவ்வொண்ணும் வேற வேற ஆறு. சிவ்புரிக்குக் கீழ ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் மாதிரி பெரிய அலைகள் உண்டு, ஆனா நடுவுல நடுவுல அமைதியான தண்ணி கிடைக்கும், விழுந்தவங்களைப் பொறுக்கி எடுக்க நேரம் இருக்கும். மேல கௌடியாலா பகுதியில 'தி வால்'னு ஒண்ணு இருக்கு. பேரே சுவர். அனுபவம் உள்ளவங்களோட ராஃப்டையும் கவுக்கிற இடம். முதல் தடவை துடுப்பு பிடிக்கிற எட்டு பேரை வச்சுக்கிட்டு அங்க போறது எதுக்கு? ஸ்டேட்டஸ் போடுறதுக்கா?

உலகம் முழுக்க ராப்பிடுக்கு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் கிரேடு போடுறாங்க. ஒண்ணுன்னா சும்மா சலசலப்பு. ரெண்டு, புதுசா வர்றவங்களுக்கு. மூணுல ஒழுங்கில்லாத அலை, ராஃப்டைத் திருப்பத் தெரிஞ்சிருக்கணும். நாலு, சக்தியான தண்ணி, துல்லியமான கட்டுப்பாடு வேணும். அஞ்சு, கை தேர்ந்தவங்களுக்கு மட்டும். ஆறு, உசுரைப் பணயம் வைக்கிறது. இதுல நெறைய பேர் கவனிக்காத விஷயம், இந்த நம்பர் பாறையில செதுக்கி வச்சது கிடையாது. தண்ணி ஏறினா மாறும். மார்ச்ல மூணா இருக்கிறது தண்ணி பெருகினா நாலாகும். சில ராப்பிட் தண்ணி ஏறினா மூழ்கிக் காணாமலே போயிடும், அதுக்குப் பதிலா வேற எங்கயாவது புதுசா ஒண்ணு முளைக்கும். 'போன வருஷம் இதே இடத்துக்குப் போனோம் மச்சி, ஒண்ணும் இல்ல'ங்கிறது அதனாலதான் செல்லாது. இடம் அதேதான். ஆறு அதே ஆறு இல்ல.

தண்ணி அளவுங்கிறது நமக்குப் புதுசும் இல்ல. தமிழ்நாட்டுல நியூஸ் பாத்து வளர்ந்தவன் எவனுக்கும் 'பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை கனஅடி'ங்கிறது மனப்பாடம். வரத்து கூடினா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டத் தடைன்னு அடுத்த வரி வரும். 1000 கனஅடின்னா என்னன்னு எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்தோம்? ஒரு வினாடிக்கு சுமார் 28 டன் தண்ணி. 28 சின்ன கார் ஒவ்வொரு வினாடியும் உங்களைத் தாண்டிப் போகுதுன்னு வச்சுக்கங்க. அதுவும் வெறும் ஆயிரத்துக்கு. ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுற அண்ணனுக்கு இது தெரியும், கலெக்டர் ஆபீசுக்குத் தெரியும். எம்.என்.சி.யில பொட்டி தட்டுற நமக்கு மட்டும் கங்கைக்குப் போகும்போது மறந்துடும்.

ஆத்துக்கு மேல அணை இருக்கு

தேவப்பிரயாகையில பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்துதான் கங்கை. பாகீரதி மேல தெஹ்ரி அணை, 260.5 மீட்டர் உயரம். அதுக்குக் கீழ கோட்டேஷ்வர். அலக்நந்தா மேல ஸ்ரீநகர் மின்திட்டம். அதாவது நீங்க ராஃப்ட்ல உக்காந்திருக்கிற தண்ணியில ஒரு பங்கு, மேல எவ்ளோ கரண்ட் எடுக்கணும்னு யாரோ போட்ட அட்டவணைப்படி வருது. வானம் நீலமா இருக்கலாம், மழையே இல்லாம இருக்கலாம். தண்ணி மட்டும் ஏறும்.

இதுக்கு என்ன விலைன்னு 2014 ஜூன் 8 சொல்லும். இமாச்சல்ல பியாஸ் ஆறு. ஹைதராபாத்துல இருந்து டூர் வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் ஆத்துக்குள்ள பாறை மேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மேல லார்ஜி அணையில இருந்து தண்ணி திறந்து விட்டாங்க. 24 மாணவர்களும் கூட வந்த டூர் ஆள் ஒருத்தரும் போயிட்டாங்க. அவங்க ராஃப்டிங் கூடப் பண்ணலை. ஆத்துல கால் வச்சாங்க, அவ்ளோதான். அணைக்காரங்க மேல தப்பு உண்டு, எச்சரிக்கை சரியா இல்லைன்னு அப்பவே நாடே கேட்டுச்சு, கேக்கவும் வேணும். ஆனா டூர் பிளான் போடுறவங்களுக்கும் இதுல பாடம் இருக்கா இல்லையா? நாம போற ஆத்துக்கு மேல அணை இருக்கா, எப்பத் திறப்பாங்க, சைரன் கேட்டா எந்தப் பக்கம் ஏறணும். மூணே மூணு கேள்வி. எத்தனை எக்ஸெல் ஷீட்டுல இருக்கு?

இதே அணைத் தண்ணியை நம்பியே நடக்கிற ராஃப்டிங்கும் உண்டு. மகாராஷ்டிரத்துல கோலாட் பக்கம் குண்டலிகா ஆறு. பீரா மின்நிலையத்துல கரண்ட் எடுத்துட்டு விடுற தண்ணி வந்தாத்தான் அங்க ராஃப்டிங். அந்தத் தண்ணி கூடவே போகணும், தண்ணி வடிஞ்சிட்டா பாறைதான் மிச்சம். அங்க எல்லாரும் தண்ணி நேரத்துக்குத் தகுந்த மாதிரி எந்திரிக்கிறாங்க, ஏன்னா வேற வழி இல்ல. கங்கையில எப்பவும் தண்ணி இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக அந்த ஒழுங்கை விட்டுடலாமா?

மத்திய நீர் ஆணையம் ரிஷிகேஷ்ல நீர்மட்டம் அளக்குது. எச்சரிக்கை மட்டம் 339.50 மீட்டர், அபாய மட்டம் 340.50 மீட்டர். இது வெள்ளத்துக்கான அளவு, ராஃப்டிங்குக்கு இல்ல. ஆனா மட்டம் ஏறுதா இறங்குதான்னு தெரியும். ஒரு வாரத்துக்குத் தினம் ஒரு தடவை பாத்தா ஆறு எந்தத் திசையில போகுதுன்னு புரியும். சர்வர் கிராஃபை நாள் முழுக்க முறைச்சுப் பாக்கிற கூட்டத்துக்கு இது ஒரு வேலையா?

குச் நஹி ஹோகா

இப்போ ஆபரேட்டர் கதை. பேர் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

ஒரு தடவை எங்க கூட்டம் ஒரு கடையில புக் பண்ணியிருந்தது. கரைக்குப் போனா எனக்குக் குடுத்த ஹெல்மெட்ல தாடைக்குக் கீழ மாட்டுற கிளிப் இல்ல, ஷூ லேஸ் கட்டியிருந்தாங்க. ராஃப்ட் எட்டு பேருக்கானது, கைடோட சேத்துப் பதினொரு பேரை ஏத்தப் பாத்தாங்க. கயிறு அடைச்ச பை, அதான் விழுந்தவங்களுக்கு வீசுற த்ரோ பேக், எங்கன்னு கேட்டேன். "ஆகே வாலே ராஃப்ட் மே ஹை." முன்னாடி போற ராஃப்ட்ல இருக்காம்! முன்னாடி போனவன் திரும்பி வந்து குடுப்பானா? கேட்டதுக்கு வந்த பதில் நம்ம தேசிய வாக்கியம்: "குச் நஹி ஹோகா, பய்யா."

ஒண்ணும் ஆகாது. கரெக்ட். நூறு தடவையில தொண்ணூத்தொம்பது தடவை ஒண்ணும் ஆகாது. டெஸ்ட் பண்ணாம புரொடக்ஷன்ல போடுற கோடும் பாதி நேரம் ஒண்ணும் ஆகாமத்தான் ஓடுது. அதுக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ண எந்த டேமேஜராவது ஒத்துக்குவாரா? ரெண்டு வரி மாத்தினதுக்கு ரிவ்யூ, அப்ரூவல், ரோல்பேக் பிளான் கேக்கிற அதே மனுஷன், கரையில என்னைப் பாத்து "சீன் போடாதடா, லேட்டாகுது"ங்கிறாரு. நான் ஏறலை. ஹெல்மெட் மாத்தி, மூணு பேரை அடுத்த ராஃப்டுக்கு அனுப்பி, ஒரு த்ரோ பேக் வந்தப்புறம்தான் ஏறினேன். நாப்பது நிமிஷம் ஆச்சு. அன்னைக்கு முழுக்க என் பேர் 'இன்ஸ்பெக்டர்'. பரவால்ல, பொருத்தமான பேர்தான்.

இதுல கைடு தம்பி மேல எனக்குக் கோபமே இல்ல. பெரும்பாலும் அந்த மலைப் பக்கத்துப் பசங்க, ஆத்தை நம்மளை விட ஆயிரம் மடங்கு நல்லாப் படிக்கத் தெரிஞ்சவங்க. ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் அடிச்சாங்கங்கிறதை வச்சுக் கூலி வாங்குறவன் எப்படி நாப்பது நிமிஷம் செலவு பண்ணுவான்? நாம கடை கடையா ஏறி இறங்கி "இன்னும் நூறு ரூபா குறைச்சுக்கோ"ன்னு பேரம் பேசுறோமே, அந்த நூறு ரூபா எங்க இருந்து குறையுதுன்னு நினைக்கிறீங்க? பெட்ரோல்ல குறையாது, சாப்பாட்டுல குறையாது. ஹெல்மெட் கிளிப்ல குறையும். ராஃப்டுக்குப் பக்கத்துல காப்பாத்துறதுக்காகவே வர்ற கயாக் ஆளைக் கட் பண்ணினாக் குறையும். எட்டு பேருக்குப் பதில் பத்து பேரை ஏத்தினாக் குறையும். பேரம் பேசினது நாம, குறைச்சது அவங்க.

வர்றவனும் வராதவனும்

டீம் பில்டிங்னு ஒண்ணு சொல்றாங்களே, அதையும் பேசிடுவோம். எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. ஆத்தைப் பாத்துட்டு "நான் இறங்கலை, கரையில இருக்கேன்"னு சொன்னா. உடனே ஆரம்பிச்சாங்க. "கமான் யார்", "ஒண்ணும் ஆகாது", "டீம் ஸ்பிரிட் எங்க போச்சு", "உனக்கும் சேத்துப் பணம் கட்டியாச்சு". அஞ்சு நிமிஷம் சுத்தி நின்னு கும்மியடிச்சாங்க. அவ அசையலை. என்னைக் கேட்டா அன்னைக்குக் கரையில இருந்த முப்பது பேர்ல தைரியசாலி அவதான்.

ஆத்துல இறங்குறது ஒவ்வொருத்தரும் தனக்காக எடுக்க வேண்டிய முடிவு. அதுல டேமேஜர் கிடையாது, அப்ரைசல் கிடையாது. பயந்துக்கிட்டே வலுக்கட்டாயமா ஏறினவர் ராப்பிட் நடுவுல துடுப்பை உள்ள இழுத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. துடுப்பு தண்ணியில இருந்தாத்தான் ராஃப்ட் போற பக்கம் போகும். ஒரு பக்கம் ரெண்டு பேர் நிறுத்தினா ராஃப்ட் குறுக்க திரும்பும், குறுக்க திரும்பின ராஃப்ட் அலையில கவுறும். அதனால 'வர்றவங்க மட்டும் வாங்க'ங்கிறது பெருந்தன்மை இல்ல, மத்த ஏழு பேருக்கான பாதுகாப்பு. ராத்திரி சரக்கு அடிச்சுட்டுக் காலையில சிவந்த கண்ணோட வந்து நிக்கிற அண்ணன்மாருக்கும் இதே விதி. கரையில உக்காந்து மேகி சாப்பிடுங்க அண்ணே.

வழக்கமான எதிர்க்கேள்விகள்

*"இவ்ளோ பயந்தா வீட்லயே இருக்க வேண்டியதுதானே?"* நான் வீட்ல இல்லையே, ஒவ்வொரு சீசனும் போயிக்கிட்டுத்தானே இருக்கேன். கார்ல பிரேக் இருக்கான்னு பாக்கிறவனைப் பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்றதில்ல.

*"ராஃப்டிங்கை விட ராத்திரி ரோட்ல போறதுதான் ரிஸ்க்."* நூறு சதவீதம் ஒத்துக்கிறேன். அதனால ராத்திரி முழுக்க வண்டி ஓட்டின டிரைவர், தூங்காத இருபது பேர், காலையில நேரா ஆறுங்கிற பிளானையும் சேத்து மாத்துங்க. ஒரு ஓட்டையைக் காட்டி இன்னொரு ஓட்டையை நியாயப்படுத்தாதீங்க.

*"எல்லாத்தையும் யோசிச்சா ஜாலி போயிடும்."* நேர்மாறு. தண்ணியைப் படிக்கத் தெரிஞ்சாத்தான் ஜாலி. எந்த நாக்கு மாதிரி வழுவழுன்னு போற தண்ணி ராப்பிடுக்குள்ள வழி, எந்தப் பாறைக்குப் பின்னாடி தண்ணி ஒதுங்கி நிக்குது, அங்க எப்படித் திரும்பணும்னு தெரிஞ்சவனுக்கு ஆறு ஒரு பெரிய புதிர். தெரியாதவனுக்கு ஒரு ஈரமான ரங்கராட்டினம்.

*"அரசாங்கம் தடை பண்ணிடணும் சார் இதையெல்லாம்."* பண்ணிப் பாத்தாச்சு. 2018 ஜூன்ல உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் ஒழுங்கான விதிமுறை வர்ற வரைக்கும் ராஃப்டிங் கூடாதுன்னு நிறுத்தி வச்சது. கேட்ட கேள்வி நியாயமானது. ஆனா நிரந்தரத் தடைதான் தீர்வுன்னா எனக்கு உடன்பாடில்ல. அந்தப் பள்ளத்தாக்குல நெறைய வீட்டுல அடுப்பு எரியறது இந்த ஆத்தாலதான். விதி வேணும், விதியைக் கேட்டு வாங்குற வாடிக்கையாளனும் வேணும். ரெண்டாவது ஆள் நாமதான். 2022 ஏப்ரல்ல கர்நாடகாவுல தாண்டேலி பக்கம் காளி ஆத்துல அளவுக்கு மீறி ஆள் ஏத்தின ராஃப்ட் ஒண்ணு சிக்கிக்கிட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. ஆள் ஏத்தினது ஆபரேட்டர்தான். ஆனா ஏறி உக்காந்த ஒருத்தராவது "ஆள் அதிகமா இருக்கே, நான் ஏற மாட்டேன்"னு கரையிலேயே சொல்லியிருந்தா?

சரி, ஷீட்ல என்னதான் இருக்கணும்?

வெறுமனே திட்டிட்டுப் போனா மொக்கைப் பதிவுன்னுடுவீங்க. இந்தாங்க வரிசை.

1. மாசம். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்துல கங்கையில ராஃப்டிங் மூடியிருப்பாங்க, அப்ப யாராவது கூட்டிட்டுப் போறேன்னா ஓடிடுங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல தண்ணி பெருசு. பிப்ரவரி, மார்ச்ல குறைவு, ஆனா கொடூரக் குளிர். தண்ணி உடம்புச் சூட்டைக் காத்தை விட இருபது மடங்குக்கும் மேல வேகமா உறிஞ்சும், அதனால காட்டன் டீஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம். மே, ஜூன்ல பனி உருகி மறுபடி ஏறும்.

2. எங்க இருந்து எங்க வரைக்கும். கூட்டத்துலயே அனுபவம் குறைஞ்ச ஆளை வச்சு முடிவு பண்ணுங்க, சவுண்டு அதிகமா விடுற ஆளை வச்சு இல்ல.

3. ஆபரேட்டருக்கு அஞ்சு கேள்வி. லைசென்ஸ் இருக்கா? ஒரு ராஃப்டுக்கு எத்தனை பேர்? கூட பாதுகாப்புக் கயாக் வருதா? ஒவ்வொரு ராஃப்ட்லயும் த்ரோ பேக் உண்டா? விழுந்தா, கவுந்தா என்ன பண்ணணும்னு கரையில சொல்லிக் குடுப்பீங்களா? பதில் 'குச் நஹி ஹோகா'ன்னா அடுத்த கடை.

4. ஆட்கள். ஆஸ்துமா, இதயம், தோள்பட்டை நழுவுறது, வலிப்பு, கர்ப்பம். தனியாக் கேளுங்க, குரூப்ல வேணாம். "இறங்கலை"ங்கிறதுக்கும் ஒரு காலம் வைங்க, அதுக்குக் காரணம் கேக்காதீங்க.

5. அவசரத்துக்கு. எந்த இடத்துல ரோடு ஆத்துப் பக்கம் வருது, வண்டி எங்க நிக்கும், ஆஸ்பத்திரி எங்க. ரிஷிகேஷ்லயே எய்ம்ஸ் இருக்கு. நம்பரைப் போன்ல மட்டும் வைக்காதீங்க, கரையில இருக்கிற ஆள்கிட்டயும் எழுதிக் குடுங்க.

6. ரோல்பேக் பிளான். காலையில தண்ணி சரியில்லைன்னா என்ன பண்றது? இது இல்லாத பிளான் பிளானே இல்ல. "இவ்ளோ தூரம் வந்துட்டோமே"ங்கிற வார்த்தைதான் ஆத்துல ரொம்ப பேரை இறக்கிவிட்டிருக்கும். வேற ஒரு வேலையை முன்கூட்டியே யோசிச்சு வச்சா அந்த வார்த்தைக்கு இடமே வராது. மேல குஞ்சாபுரி கோயிலுக்கு ஏறுங்க, மலை தெரியும்.

7. இதெல்லாம் முடிஞ்சப்புறம் பஸ். அப்புறம் ரூம். அப்புறம் டீஷர்ட். வேணும்னா.

கடைசியா, பயணப்பதிவு எழுதுற மக்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். ரிஷிகேஷ் போனோம், ராஃப்டிங் சூப்பர், பராத்தா சுமார்னு எழுதிட்டு நாப்பது போட்டோ போடுறீங்க. சந்தோஷம். கூடவே நாலு வரி சேருங்க: எந்தத் தேதி, எந்தப் பகுதி, ராஃப்ட்ல எத்தனை பேர், கரையில என்ன சொல்லிக் குடுத்தாங்க. ஹெல்மெட் கிளிப் எப்படி இருந்துச்சுன்னு எழுதினாக் கோயில் கட்டிக் கும்பிடுவேன். அடுத்த பிப்ரவரியில எக்ஸெல் ஷீட்டைத் திறக்கிற யாரோ ஒருத்தர் அதைத் தேடிப் படிப்பாரு. அவர் ஷீட்டுல ஒரு காலம் கூடினாலும் போதும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு எங்க டேமேஜர் என்னை அடுத்த அவுட்டிங்குக்கு அமைப்பாளராப் போட்டா, அதுக்கு நீங்கதான் பொறுப்பு :-)